சலித்துப்போனது யாருக்கு?

பத்திரிகை ஆபீஸ்களில் ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்தப் பேச்சு கிளம்பிவிடும். பெரும்பாலும் தீபாவளி மலர் வேலை முடிந்து, எல்லோரும் கொஞ்சம் மூச்சு விடுகிற சமயத்தில். “ஜனவரியிலேருந்து புக்கோட லுக்கையே மாத்திடலாம் சார். பார்த்துப் பார்த்து போரடிக்குது.” வார இதழோ மாத இதழோ, உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு அது ‘புக்’தான். அட்டை, ‘ரேப்பர்’. உடனே வெளிநாட்டுப் பத்திரிகைகள் நாலைந்து மேசைக்கு வரும். ஆளாளுக்கு ஒரு பக்கத்தை மடித்துவைத்து, “இதைப் பாருங்க, எவ்வளவு ஒயிட் ஸ்பேஸ்!” என்பார்கள். நான் தலையாட்டிக்கொண்டிருப்பேன்.

நான் லே-அவுட் ஆர்ட்டிஸ்ட். அச்சுக்கோப்பவனாக உள்ளே நுழைந்து, பேஸ்ட்-அப் மேசை, பேஜ்மேக்கர், இன்டிசைன் என்று காலம் கொண்டுபோய் உட்காரவைத்த இடத்திலெல்லாம் உட்கார்ந்து வேலை பார்த்தவன். போரடிக்கிறது என்று சொன்ன ஆசிரியர்கள், உதவி ஆசிரியர்கள், முதலாளிகள் ஏராளம். யாருக்குப் போரடிக்கிறது என்று கேட்டால்தான் பதில் வராது. ஒரு பக்கத்தை நாங்கள் டம்மியில் பார்க்கிறோம். முதல் புரூஃபில் பார்க்கிறோம், திருத்திய புரூஃபில் பார்க்கிறோம், பிளேட் போடுமுன் பார்க்கிறோம், அச்சாகி வந்தபின் தப்புக் கண்டுபிடிக்கப் பார்க்கிறோம். வாசகர் சலூனில் காத்திருக்கும்போது ஒருமுறை புரட்டுகிறார். அல்லது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு கட்டுரை படிக்கிறார். எங்களுக்கு ஒரு வடிவம் சலித்துப்போகும் நேரத்தில்தான் அவருக்கு, கேள்வி-பதில் கடைசியில் இருக்கும், தொடர்கதை நடுவில் இருக்கும் என்று கை பழகியிருக்கும். சரியாக அந்த நேரம் பார்த்து நாங்கள் எல்லாவற்றையும் இடம் மாற்றிவைப்போம்.

இதனால் மாற்றமே கூடாது என்று சொல்கிற ஆள் நான் என்று நினைத்துவிட வேண்டாம். பத்து வருஷம் தொடாமல் விட்டு, வாசகரோடு சேர்ந்து வயதாகி, அவரோடேயே நின்றுபோன பத்திரிகைகளுக்கும் பக்கம் போட்டிருக்கிறேன். எதற்காக மாற்றுகிறோம் என்பதில்தான் என் சண்டை.

1970களின் கடைசியில் திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன அச்சகத்தில் கம்போசிங் கற்றுக்கொள்ளச் சேர்ந்தேன். அங்கே ‘டிசைன்’ என்ற சொல்லையே நான் கேட்டதில்லை. எழுத்து தேய்ந்து, ‘ழ’வின் வால் அச்சில் விழாமல் போனால் முதலாளி முணுமுணுத்துக்கொண்டே ஃபவுண்டரியிலிருந்து புது எழுத்து வாங்கிவருவார். அங்கே அச்சான மாத இதழ் அந்த மாதம் பளிச்சென்று இருக்கும். இதழ் நடத்துகிறவரிடம் சந்தாதாரர்கள், “பேப்பரை மாத்திட்டீங்களா?” என்று கேட்பார்களாம். பேப்பர் அதே பேப்பர்தான். படிக்க எளிதாகிவிட்டது, அவ்வளவே. ஆனால் எது மாறியது என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. பிற்பாடு எந்தப் பத்திரிகையின் முகத்தை மாற்றும்போதும் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

நான் பார்த்த முதல் பெரிய மாற்றம் எந்த ஆசிரியரும் முடிவு செய்ததல்ல. 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் போட்டது. பெரியார் 1935-லேயே ‘குடிஅரசு’ இதழில் கையாளத் தொடங்கிய எழுத்துகள்தாம் அவை. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் தலையில் இருந்த யானைத் தும்பிக்கை போயிற்று. ணா, றா, னா ஆகியவற்றின் சுழி போய், எல்லா எழுத்துக்கும் போலத் துணைக்கால் வந்தது. இதற்குப் புது எழுத்து வார்க்க வேண்டியதில்லை, அச்செழுத்துப் பெட்டியான கேஸில் இருக்கிற ஐகாரக் கொம்பையும் ‘ல’வையும் சேர்த்தால் ‘லை’ ஆயிற்று என்றுதான் முதலாளியும் நினைத்தார். ஆனால் தமிழில் ஒரு பக்கத்தில் எத்தனை ‘லை’ வரும்? இல்லை, வேலை, காலை, மாலை, விலை, கவலை. பாதிப் பாரம் கோத்து முடிப்பதற்குள் ஐகாரக் கொம்பு தீர்ந்துவிடும். ஃபோர்மேன் பையனைப் பக்கத்து அச்சகத்துக்கு ஓடவிடுவார். அவர்களுக்கும் அதே தட்டுப்பாடு. வேறு வழியில்லாமல் பக்கத்தின் மேல்பாதியில் புது ‘லை’யும் கீழ்ப்பாதியில் பழைய ‘லை’யுமாகக் கொஞ்ச நாள் இதழ்கள் வந்தன.

அந்தக் கலவை எனக்கு அவமானமாக இருந்தது. எங்கள் புரூஃப் ரீடர் பெரியவர் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. “தம்பி, படிக்கிறவன் எழுத்தை எங்க பார்க்கிறான்? வார்த்தையைப் பார்க்கிறான். அது தடுக்காத வரைக்கும் ஒண்ணும் ஆகாது” என்றார். அவர் சொன்னபடியே ஆயிற்று. எழுத்தின் உருவத்தையே மாற்றியும் யாரும் பத்திரிகையை நிறுத்தவில்லை. பழையதும் புதியதும் கொஞ்ச காலம் சேர்ந்தே புழங்கியதால் கண்ணுக்கு அவகாசம் கிடைத்தது. ஒரே நாளில் தலைகீழாக்குகிற ‘ரீலாஞ்ச்’ கூட்டங்களில் நான் இந்தக் கதையைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எடுபட்டதில்லை.

பிறகு ஆஃப்செட் வந்தது. போட்டோ டைப்செட்டிங்கில் அடித்த எழுத்து புரோமைடு தாளில் வரும். அதை வெட்டி, ரப்பர் சொல்யூஷன் தடவி, கிராஃப் அட்டையில் ஒட்டுவோம். ஈயத்திலிருந்து விடுதலை கிடைத்த மயக்கத்தில் எல்லோரும் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. படத்தைச் சாய்த்து வைக்கலாம், எழுத்தை வளைக்கலாம், கருப்புப் பட்டையில் வெள்ளை எழுத்துப் போடலாம். நல்லதும் நடந்தது. ஓவியர் ஆதிமூலம் தூரிகையால் எழுதிய தலைப்புகள் சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் வேறொரு கம்பீரத்தைக் கொடுத்தன. 1974-ல் தொடங்கிய க்ரியா பதிப்பகத்தின் நூல்களைப் பார்த்து, ஓரத்தில் விடும் இடமும் வாசிப்பில் சேர்த்தி என்று நாங்கள் புரிந்துகொண்டோம். அதுவரை ஓரத்தில் இடம் விட்டால் முதலாளிகளுக்குக் காகிதம் வீண்.

வெள்ளை எழுத்து விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். நியூஸ் பிரின்ட் தாள் மையைக் குடிக்கும். கருப்புப் பட்டையில் 9 பாயின்டில் வெள்ளை எழுத்தை விட்டால், சுற்றியிருக்கும் மை எழுத்துக்குள் கசிந்துவிடும். ஆங்கில எழுத்து ஒருவாறு தப்பிக்கும். தமிழில் ‘ண’வும் ‘ஞ’வும் ‘இ’யும் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். புள்ளிகள் முதலில் காணாமல்போகும். புள்ளி போனால் ‘பட்டம்’ ‘படடம’ ஆகிவிடும். நாலு வண்ணப் பக்கமாக இருந்தால் இன்னும் மோசம்: நாலு பிளேட்டும் மயிரிழை விலகினால் வெள்ளை எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கும். இதைச் சொன்னால், “டைட்டிலா இருக்கட்டும் சார், பாக்ஸ் மேட்டரா இருக்கட்டும், கருப்புல போட்டாத்தான் எடுப்பா இருக்கு” என்பார்கள். மேசை விளக்கின் கீழே, பளபளப்பான புரோமைடில் எடுப்பாகத்தான் இருக்கும். வாசகர் கைக்குப் போவது புரோமைடு இல்லையே.

ஒரு வார இதழில் இதே காலத்தில் நடந்தது ஒன்று. புதிதாக வந்த பொறுப்பாசிரியர் ரேப்பரை நவீனமாக்க விரும்பினார். இதழின் பெயரை மேலிருந்து எடுத்து, கீழே, இடப்பக்க மூலையில் சின்னதாக வைக்கச் சொன்னார். முகம் முழுக்கப் படம். சுவரில் மாட்டிப் பார்த்தபோது உண்மையிலேயே அழகு. முதல் இதழ் கடைக்குப் போனது. விற்பனைப் பிரிவுக்கு ஏஜென்ட்டுகளிடமிருந்து போன் மேல் போன். பெட்டிக்கடையில் பத்திரிகைகளைக் கயிறு கட்டி, கிளிப் மாட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தொங்கும்படி வரிசையாகப் போடுவார்கள். அடுக்கில் இருக்கும் இதழின் மேல் மூன்று விரல்கடை மட்டும்தான் வெளியே தெரியும். எங்கள் இதழில் அந்த இடத்தில் ஒரு நடிகையின் நெற்றியும் கொஞ்சம் ஆகாயமும் இருந்தன. வழக்கமாக வாங்குகிறவர்கள், “இந்த வாரம் வரலியா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சில வாரங்களில் பெயர் பழைய இடத்துக்கே ஏறிக்கொண்டது.

அதிலிருந்து புது ரேப்பர் எதுவானாலும் நான் அச்சுப் பிரதியை எடுத்துக்கொண்டு ஏதாவதொரு பெட்டிக்கடைக்குப் போய், கடைக்காரரிடம் சொல்லி நடுவில் சொருகி, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஏசி அறையில் கூட்டம் போட்டு முடிவெடுப்பதைவிட அது மலிவு. கடைக்காரர்கள் சொல்லும் கருத்துகளும் லேசுப்பட்டவை அல்ல. ஒருவர், மஞ்சள் ரேப்பர் வெயிலில் இரண்டே நாளில் வெளுத்து, பழைய இதழ்போல ஆகிவிடுகிறது, அதனால் கை நீட்டமாட்டேன் என்கிறார்கள் என்றார். எங்கள் கூட்டங்களில் யாருக்கும் தோன்றாத விஷயம்.

கம்ப்யூட்டர் வந்த கதைக்கு வருகிறேன். பேஜ்மேக்கர் எங்களுக்கு வரம். வெட்டி ஒட்டி நாள் முழுக்கச் செய்ததை ஒரு மணி நேரத்தில் முடித்தோம். ஆனால் அதற்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துக்குரிய இடங்களில் தமிழ் உருவங்களை உட்கார்த்திவைத்த எழுத்துருக்கள் அவை. நமக்கு ‘கொ’ ஓர் எழுத்து. அதற்கு ஒற்றைக் கொம்பு, க, துணைக்கால் என்று மூன்று. அதனால் வரி முடிகிற இடத்தில் கொம்பை மட்டும் தொங்கவிட்டு, ‘கா’வை அடுத்த வரிக்கு அனுப்பிவிடும். இன்னொரு இடத்தில் வரியே ‘ர்’ என்று தொடங்கும்.

கம்போசிங்கில் நான் முதல் வாரத்திலேயே கற்ற பாடம், மெய்யெழுத்தில் வரி தொடங்கக் கூடாது என்பது. தமிழ் அச்சில் சொல்லை எந்த உயிர்மெய்யிலும் முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகலாம். ஆங்கிலம்போல இடையில் சிறு கோடு போட வேண்டியதில்லை. ஆனால் புள்ளி வைத்த எழுத்து முந்தின வரியை விட்டுப் பிரியக் கூடாது. எழுத்துகளை அடுக்கும் ஸ்டிக்கில் கோக்கும்போதே விரல் அதைப் பார்த்துக்கொள்ளும். பத்தாம் வகுப்புத் தாண்டாத அச்சுக்கோப்பவர்கள் காப்பாற்றிய இலக்கணத்தை லட்ச ரூபாய் இயந்திரம் போட்டு உடைத்தது. பெரிய பத்திரிகைகளில்கூட அந்த ஆண்டுகளின் இதழ்களை எடுத்துப் பாருங்கள், வரி தொடக்கத்தில் ‘ம்’மும் ‘ல்’லும் நிற்கும். நாங்கள் ஒவ்வொரு பக்கமாக, ஒவ்வொரு வரியாக இறுக்கியும் தளர்த்தியும் சரிசெய்தோம். அந்த வேலைக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. கூலியும் தனியாக இல்லை.

எழுத்துருவை மாற்றுவது என்றால் அப்போது உயிர் போய்விடும். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு இடத்தில் எழுத்துகளை வைத்திருந்தது. ஒரு கம்பெனி எழுத்துருவில் அடித்த கட்டுரைக்கு இன்னொரு கம்பெனி எழுத்துருவைக் கொடுத்தால் பக்கம் முழுக்க அர்த்தமில்லாத கிறுக்கல். 1999-ல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி ‘டாம்’, ‘டாப்’ என்று எழுத்துகளின் இடங்களைத் தரப்படுத்திய பிறகும் பழைய வழக்கம் லேசில் போகவில்லை. அப்படியிருந்தும் வருஷத்துக்கு ஒரு எழுத்துரு மாற்றிய இதழ்கள் உண்டு. 10 பாயின்ட் என்று எண்ணைப் பார்த்துக் கொடுப்பார்கள். ஒரு எழுத்துருவின் 10 பாயின்ட் இன்னொன்றின் 12 பாயின்டுக்குச் சமமாகத் தெரியும் என்பது அச்சாகி வந்த பிறகுதான் உறைக்கும். எண்ணை நம்பாதே, ஸ்கேலை வைத்து ‘க’வின் உயரத்தை அள என்று இளைஞர்களுக்கு இப்போதும் சொல்கிறேன்.

வெளிநாட்டுப் பத்திரிகையைப் பார்த்துச் செய்த மாற்றங்களில் தமிழுக்கு மிகப் பெரிய கெடுதல் செய்தது பக்கத்தை மூன்று காலமாக (column) பிரிக்கும் லே-அவுட். ஆங்கிலச் சொற்கள் சின்னவை. ஒல்லியான காலத்தில் ஆறேழு சொற்கள் உட்காரும். நாம் சொல்லோடு சொல்லைச் சேர்த்துக்கொண்டே போகிற ஜனங்கள். ‘எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும்’ என்று ஒரு சொல் வந்தால் காலத்தின் முழு அகலமும் அதற்கே சரியாகிவிடும். அதற்கு முந்தின வரியில் இரண்டு சொல் மாட்டிக்கொண்டு, இருபுறமும் சீராக இழுத்துவிட்டதால் நடுவே பெரிய வெள்ளைப் பள்ளம் விழும். நாலைந்து வரி இப்படி அமைந்துவிட்டால் பத்தியின் நடுவில் வெள்ளைக் கோடு ஓடுவதுபோல் தெரியும். கண் இடமிருந்து வலம் போகாமல் மேலிருந்து கீழே வழுக்கும். இரண்டு காலமாக்கினால் பாதித் தொல்லை தீரும். வலது ஓரத்தைச் சீராக்காமல் விட்டால் மீதியும் தீரும். வலது ஓரம் கோணல்மாணலாக இருந்தால் ‘ஃபினிஷிங் இல்லை’ என்பார்கள். இந்த ஒரு வழக்கில் நான் ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம்.

ஜெயித்த இடம் ஒன்று உண்டு. அங்கே ஆசிரியர், முதலாளி, புரூஃப் ரீடர், தபால் ஒட்டுகிறவர் எல்லாம் ஒரே ஆள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், தென்மாவட்டத்துக்காரர். தன் சொந்தக் காசில் டெமி 1/8 அளவில் ஒரு மாத இதழ் நடத்தினார். ஊர் வரலாறு, நாட்டுப்புறக் கதை, தாவரங்கள், தான் படித்த புத்தகம் என்று மனம் போனதெல்லாம் அதில் வரும். சில நூறு பிரதிகள், அத்தனையும் தபாலில். டிசம்பர் பிறந்தால் மஞ்சள் பையோடு என் மேசைக்கு வந்துவிடுவார். பையில் அந்த வருஷத்து இதழ்கள் பன்னிரண்டும் இருக்கும். ஒவ்வொன்றிலும் பென்சில் குறிகள். தனக்கு எங்கே கண் தடுக்கிற்று, எங்கே ஒரே வரியை இரண்டுமுறை படிக்க நேர்ந்தது, மனைவியிடம் படித்துக்காட்டும்போது எங்கே வரி தவறிப்போயிற்று என்று குறித்திருப்பார். வாசகர் கடிதங்களில் வந்த புகார்களைத் தனி நோட்டில், இதழ், பக்கம் போட்டு எழுதியிருப்பார்.

“இந்த வருஷம் ஒண்ணே ஒண்ணு மாத்துவோம் சார். எது?” என்பார். அவருக்கு நானும் சார், எனக்கு அவரும் சார். உட்கார்ந்து நோட்டைப் புரட்டுவோம். ஒரு வருஷம் எழுத்தை 10-லிருந்து 11 பாயின்டாக்கினோம். பக்கத்தைக் கூட்ட அவரிடம் பணமில்லை, ஒரு பகுதியையே நிறுத்தினார். அடுத்த வருஷம் பளீர் வெள்ளைத் தாளை விட்டு, லேசாகப் பழுப்பேறிய நேச்சுரல் ஷேடுக்கு மாறினோம், டியூப்லைட்டில் கண் கூசுகிறது என்று பலர் எழுதியிருந்ததால். கடிதங்கள் பகுதியைக் கடைசியிலிருந்து முன்னால் கொண்டுவந்தது இன்னொரு வருஷம்.

அவர் செய்த மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது மடிப்பு சமாசாரம். தபாலில் போவதற்காக இதழை நடுவில் மடித்து, சுற்றிலும் தாள்பட்டை ஒட்டுவார். ரேப்பரில் நடுக்கோடாக மடிப்பு விழும். படம் என்ன படமாக இருந்தாலும் மூக்கின் மேலேயே மடிப்பு. போய்ச் சேரும்போது மை உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரியும். “எல்லாரும் மடிச்சுத்தான் முதல்ல பார்க்கிறாங்க. நாம ஏன் விரிச்சு வச்சு டிசைன் பண்றோம்?” என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் ரேப்பரில் மேல்பாதியில் பெயரும் மாதமும், கீழ்ப்பாதியில் படம். நடுவில் மடிப்புக்காக வெறும் இடம். அதைப் பார்த்த ஒரு இளம் டிசைனர், “அந்த வெள்ளைப் பட்டை சூப்பர் சார், ரொம்ப மினிமல்” என்றார். காரணத்தைச் சொன்னேன். அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

பெரிய பத்திரிகைகள் மாற்றத்தை விழாவாகக் கொண்டாடும். ‘புதிய பொலிவுடன்’ என்று போஸ்டர் ஒட்டும். இந்த ஆசிரியர் தன் இதழில் ஒரு வரிகூட அறிவித்ததில்லை. மாற்றினதைச் சொன்னால் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள், சொல்லாவிட்டால் படிப்பார்கள் என்பது அவர் கட்சி. பழைய இதழ் ஒன்றையும் புது இதழ் ஒன்றையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு பத்திரிகைகள். ஆனால் ஒரு ஜனவரிக்கும் அடுத்த ஜனவரிக்கும் நடுவே வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

யூனிகோடு வந்ததும் என் தொழிலில் பாதிக் கவலை ஒழிந்தது. 2012-ல் இன்டிசைன் சிஎஸ்6 இந்திய எழுத்துகளுக்கு வழிசெய்த பிறகு ‘கொ’ ஒருவழியாக ஒரே எழுத்தாயிற்று. கொம்பு தொங்குவது நின்றது. கம்ப்யூட்டரில் லதா, இணைமதி என்று ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு ஓட்டிய காலம் போய், நோட்டோ, கேட்டமரான், ஹிந்த் மதுரை, முக்த மலர் என்று இலவசமாகவே நல்ல எழுத்துருக்கள் வந்துவிட்டன. எந்த எழுத்துரு எந்தக் கருவியில் எப்படித் தெரியும் என்பதுதான் இப்போதைய கவலை. அந்த ஆசிரியரின் இதழும் தாளிலிருந்து போனுக்கு வந்தது. தபால் செலவு தாங்கவில்லை.

போன் திரையில் நான் கண்ட முதல் கோளாறு வரி இடைவெளி. ஆங்கிலத்துக்கென்று வைத்த அளவில் தமிழை ஊற்றினால், மேல்வரியின் ‘கூ’, ‘ழு’வின் வாலும் கீழ்வரியின் ‘கீ’யின் சுழியும் முட்டிக்கொள்ளும். ஆங்கிலத்துக்கு எழுத்து உயரத்தைப்போல ஒன்றேகால் மடங்கு போதும் என்றால் நமக்கு ஒன்றரை மடங்குக்குக் குறையக் கூடாது. போனில் இன்னும் கொஞ்சம் தாராளமாக விட்டாலும் கேடில்லை. இரண்டாவது, இருபுறமும் சீராக இழுப்பது. மூன்று காலத்தில் விழுந்த அதே பள்ளம், போனின் ஒல்லித் திரையில் கிணறாகிவிடுகிறது. தாளில் நான் தோற்ற வழக்கில் போன் எனக்குத் தீர்ப்பு எழுதிக் கொடுத்தது. மூன்றாவது, சாம்பல் எழுத்து. வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் நிறத்தில் மெல்லிய எழுத்து வைப்பது நாகரிகம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பின்னணிக்கும் எழுத்துக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு இருக்க வேண்டும் என்று இணையத் தரநிலையே சொல்கிறது. வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நின்று படிக்கிற ஆளுக்கு அதுவும் பற்றாது. கருப்பாகவே இருக்கட்டும்.

இளம் டிசைனர்கள் அனுப்பும் மாதிரிப் பக்கங்களில் இன்னொன்றையும் பார்க்கிறேன். தலைப்புக்கு ‘கனவு’, ‘வானம்’ என்று மூன்றெழுத்துச் சொல்லாகப் போட்டு அழகாக அமைத்திருப்பார்கள். உண்மையான தலைப்பு ‘தாமிரபரணிக் கரையோரக் கிராமங்களின் மறைந்துபோன விளையாட்டுகள்’ என்று வரும்; நாலு வரியாகி, படத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மாதிரி போடும்போதே உங்களிடம் இருப்பதிலேயே நீளமான தலைப்பையும், மோசமான புகைப்படத்தையும், பெயருக்கு முன்னும் பின்னும் பட்டம் போட்டுக்கொள்கிற எழுத்தாளரின் பெயரையும் எடுத்துப் போடுங்கள். அதைத் தாங்குகிற பக்கம் எதையும் தாங்கும்.

இப்போது நான் முழுநேர வேலையில் இல்லை. யாராவது பக்கங்களைக் காட்டிக் கருத்துக் கேட்டால், அவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன்: வாசகர் புகார் நோட்டு இருக்கிறதா? பெரும்பாலும் இருப்பதில்லை. அதில் வாசகர்களுக்கும் பங்குண்டு. ‘இதழின் வடிவமைப்பு அருமை, கண்ணைக் கவர்கிறது’ என்று வரும் கடிதங்களை வைத்துக்கொண்டு ஒரு லே-அவுட்காரனால் எதுவும் செய்ய முடியாது. நீங்கள் விரும்பிப் படிக்கும் இதழில், தாளிலோ போனிலோ, ஏதாவதொரு இடத்தில் வரி தவறினாலோ, எழுத்து மங்கினாலோ, தேடிய பகுதி கிடைக்காமல் போனாலோ தயவுசெய்து எழுதுங்கள். ‘பக்கம் 23, இரண்டாவது பத்தி, நீலப் பின்னணியில் படிக்க முடியவில்லை’ என்று ஒரே ஒரு வரி போதும்; உங்கள் வயதையும் சேர்த்து எழுதினால் இன்னும் உபகாரம்.